கண்ணுன்னா யாரு கேப்பா?

ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் இரண்டு காகிதங்கள். இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர் ஒரே ஆள். தான் செத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவர் எழுதி வைத்தவை. இரண்டிலும் இரண்டிரண்டு சாட்சிகள். ஒரு காகிதம் சொன்னபடியே எல்லாம் நடந்தது. இன்னொன்றை யாரும் சட்டை செய்யவில்லை.

எது நடந்திருக்கும், எது நடந்திருக்காது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். முதல் காகிதம் நிலத்தைப் பற்றியது. இரண்டாவது, கண்ணைப் பற்றியது.

திருவையாறு பக்கம் ஒரு கிராமம். எனக்கு ஏழாம் வகுப்பில் தமிழ் சொல்லிக் கொடுத்த வாத்தியார், ஒரு மார்கழி மாதத்து விடிகாலை நாலு மணிக்கு வீட்டிலேயே இறந்து போனார். வயது 78. பல வருஷங்களுக்கு முன்பே கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். கண் வங்கியின் போன் நம்பரைத் தன் கையாலேயே எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்.

மகள்தான் முதலில் சொன்னார். "அண்ணே, அப்பா எழுதிக் குடுத்திருக்காருண்ணே. போன் பண்ணிடலாம். நேரம் போனா எடுக்க முடியாதாம்."

"உனக்கு அறிவிருக்கா? ஊர் ஜனம் பூரா வாசல்ல நிக்குது. இப்பப் போயி அப்பா கண்ண நோண்டச் சொல்றியா?"

பங்காளி ஒருவர் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். "கண்ணில்லாம அனுப்புனா, போற வழி அவருக்கு எப்பிடித் தெரியும்?"

மகள் விடவில்லை. கொல்லைப் பக்கம் போய் போன் செய்தார். அந்தப் பக்கத்திலிருந்து பேசியவர் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். "வீட்டுல எல்லாரும் ஒத்துக்கிட்டா சொல்லுங்கம்மா, உடனே கெளம்பி வர்றோம்." எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். பத்து மணி ஆயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. சாயங்காலம் குடமுருட்டிக் கரையில் வாத்தியாரை எரித்தோம். வழி தெரிவதற்காக மிச்சம் வைத்த கண்களையும் சேர்த்துத்தான் எரித்தோம்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் பெட்டியைத் திறந்தார்கள். உயில் வெளியே வந்தது. ஆற்றுப் பாசனத்தில் மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், மகளுக்கு. மகன்கள் முகம் சுருங்கியது. ஆனால் பேசவில்லை. "கோர்ட்டுக்குப் போனாலும் நிக்காதுப்பா" என்று யாரோ சொன்னார்கள். அத்தோடு முடிந்தது பேச்சு.

உயிலில் ஒரு சாட்சி வாத்தியாரின் தம்பி. கண் தான அட்டையிலும் ஒரு சாட்சி அதே தம்பிதான். "அண்ணன் சுயநெனவோட எழுதுனது. நாந்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்" என்று பதினாறாம் நாள் கம்பீரமாகச் சொன்னவர், இறந்த அன்று காலையில் வாயே திறக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஏன் சித்தப்பா, அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

"நெலம்னா நாளைக்குக் கோர்ட்டுல கேப்பான் தம்பி. கண்ணுன்னா யாரு கேப்பா?"

*

அந்த மனிதர் சட்டம் படித்தவரில்லை. ஆனால் இந்த நாட்டின் சட்டம் எப்படி இருக்கிறது என்பதை அவரைவிடச் சுருக்கமாக ஒரு வக்கீலும் சொல்லிவிட முடியாது.

எப்படி என்று பார்ப்போம்.

உயில் எழுத முத்திரைத்தாள்கூட வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் போதும். பதிவு செய்வதுகூடக் கட்டாயமில்லை. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. எழுதியவர் இறந்த பிறகு, "எங்க அப்பா எழுதினது எங்களுக்குப் பிடிக்கலை" என்று பிள்ளைகள் சொன்னால், "சரி, விட்டுடுங்க" என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார்.

உடல் உறுப்புகளுக்கு 1994-இல் தனிச் சட்டம் வந்தது. மனித உறுப்பு மாற்றுச் சட்டம். அது ஏன் வந்தது என்பது நமக்கு நன்றாகவே தெரியும். சென்னையில் வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வைத்திருந்த காலம் அது. ஏழைகளின் சிறுநீரகத்தை விலை பேசுவதைக் குற்றமாக்கியது அந்தச் சட்டம். கூடவே, மூளைச் சாவையும் மரணம் என்று ஏற்றுக்கொண்டது. இறந்தவர் உடலிலிருந்து உறுப்பை யார் சொன்னால் எடுக்கலாம் என்றும் வரையறுத்தது.

அதன் மூன்றாவது பிரிவு தெளிவாக இருக்கிறது. ஒருவர் உயிரோடு இருக்கும்போது இரண்டு சாட்சிகள் முன்னால், அதில் ஒருவர் நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும், எழுத்து மூலம் சம்மதம் கொடுத்திருந்தால், அவர் இறந்த பிறகு உடலைப் பொறுப்பில் வைத்திருப்பவர் உறுப்பை எடுக்க வசதி செய்து தர வேண்டும். எழுதியவர் பிற்பாடு மனம் மாறிவிட்டார் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும் மறுக்கலாம். 'தரலாம்' இல்லை. 'தர வேண்டும்'. நாடாளுமன்றம் போட்ட சட்டம்.

கிட்டத்தட்ட உயில் மாதிரியே இருக்கிறதல்லவா? உயிலைவிடக் கறார் என்றுகூடச் சொல்லலாம். அங்கே சாட்சி யாராகவும் இருக்கலாம். இங்கே ஒருவராவது சொந்தக்காரராக இருந்தாக வேண்டும்.

அப்புறம் 2011-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதையொட்டி 2014-இல் புதிய விதிகள் வந்தன. அதில் ஐந்தாவது விதியில் ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது. இறந்தவர் முன்கூட்டியே சம்மதம் தந்திருந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி, நெருங்கிய உறவினர் அல்லது உடலைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் சம்மதமும் வேண்டும். வாத்தியார் போடுவது ஏழாம் நம்பர் ஃபாரம். அவர் செத்த பிறகு குடும்பம் போடுவது எட்டாம் நம்பர் ஃபாரம். எட்டு இல்லாமல் ஏழு செல்லாது.

நாடாளுமன்றம் 'தர வேண்டும்' என்றது. அமைச்சகம் விதி எழுதும்போது 'வீட்டில் கேட்டுக்கொண்டு' என்று சேர்த்துவிட்டது.

வேடிக்கை அதோடு முடியவில்லை. அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தன் உறுப்புகளை எடுக்கக் கூடாது என்று ஒருவர் எழுதி வைத்துவிட்டு இறந்தால், குடும்பமே சம்மதித்தாலும் எடுக்கக் கூடாது. சரியான விதிதான். அவர் உடம்பு, அவர் இஷ்டம். ஆனால் ஒரு மனிதன் 'தர மாட்டேன்' என்று எழுதினால் அது செல்லும், 'தருகிறேன்' என்று எழுதினால் மட்டும் செல்லாது என்றால் இது என்ன நியாயம்? கருமியின் கையெழுத்துக்கு உள்ள மதிப்பு கொடையாளியின் கையெழுத்துக்குக் கிடையாதா?

இன்னொன்றையும் பாருங்கள். ஆஸ்பத்திரியிலோ சிறையிலோ ஒருவர் இறந்து, 48 மணி நேரத்துக்குள் நெருங்கிய உறவினர் யாரும் உடலைக் கேட்டு வராவிட்டால், அந்த நிறுவனத்தின் பொறுப்பாளரே உறுப்பை எடுக்க அனுமதி தரலாம். இதுவும் அதே 1994 சட்டம்தான். ஐந்தாவது பிரிவு. நாதியற்றுச் செத்தவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவன் விஷயத்தில் ஓர் அதிகாரியின் கையெழுத்து போதும். தானே யோசித்து, சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்ட வாத்தியார் விஷயத்தில் அவர் கையெழுத்து போதாது.

*

இதற்குப் பதில் சொல்பவர்கள் சொல்லும் முதல் காரணம், மனிதாபிமானம். "பெத்தவங்க அழுதுக்கிட்டு இருக்கும்போது சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டுப் போக முடியுமா சார்?"

நியாயமான கேள்வி. கும்பகோணம் சாலையில் பைக்கில் போன பையன் லாரியில் மோதித் தலையில் அடிபட்டு ஐசியூவில் கிடக்கிறான் என்று வையுங்கள். மூளைத் தண்டு செத்துவிட்டது. நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை சோதித்து, இனி திரும்பாது என்று சான்று தருகிறது. ஆனால் வென்டிலேட்டர் ஓடுகிறது. மார்பு ஏறி இறங்குகிறது. கையைத் தொட்டால் சூடாக இருக்கிறது. அந்த நேரத்தில் அம்மாவிடம் போய், "உங்க பையனோட இதயத்தை எடுத்துக்கலாமா?" என்று கேட்கிறோம்.

உலகத்தில் ஒரு தாயிடம் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே கொடுமையான கேள்வி அது. அந்தப் பையன் எதுவும் எழுதி வைக்காதவனாக இருந்தால் வேறு வழியில்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அவன் வயது வந்தவன், யோசித்து எழுதி வைத்திருக்கிறான் என்றால், அந்தப் பாரத்தை அம்மாவின் தலையிலிருந்து அவனே இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதைத் தூக்கி மறுபடியும் அவள் தலையில் வைப்பதுதான் மனிதாபிமானமா?

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் இதயம் சென்னை சாலைகளில் சைரன் வைத்த வண்டியில் போனதை நாடே பார்த்தது. அவனைப் பெற்ற டாக்டர் தம்பதி எடுத்த முடிவு, தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் மனசை மாற்றியது. ஆனால் ஹிதேந்திரனுக்கு அப்போது வயது 15. மைனர். பெற்றோர்தான் முடிவெடுக்க முடியும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வாத்தியாருக்கு வயது 78. அவரையும் மைனராக நடத்துகிறது 2014 விதி. பதினெட்டு வயதில் மேஜராகும் இந்தியக் குடிமகன், செத்த மறுநிமிஷம் மறுபடியும் மைனராகிவிடுகிறான்.

*

இரண்டாவது காரணம், பயம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். "குடும்பத்தோட கையெழுத்து வேண்டாம்னு சொன்னா, ஆஸ்பத்திரிக்காரன் உயிரோட இருக்கும்போதே அறுத்துடுவான் சார்." தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், மூன்று பேர் இதைச் சொல்வார்கள். காரணமில்லாமல் சொல்லவில்லை.

2018-இல் கள்ளக்குறிச்சி அருகே விபத்தில் சிக்கிய பாலக்காட்டு இளைஞர் ஒருவர் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இறந்தார். உறுப்புகள் எடுக்கப்பட்டன. சிகிச்சைக்கான பணத்தைக் கட்ட முடியாத நிலையில் தங்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்பது குடும்பத்தின் புகார். கேரள முதல்வர் பினராயி விஜயன் தமிழக முதல்வருக்கு விசாரணை கேட்டுக் கடிதமே எழுதினார்.

அந்தப் புகாரை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அங்கே பிரச்னைக்குள்ளானது யாருடைய கையெழுத்து? இறந்தவருடையதா? இல்லை. குடும்பத்தின் கையெழுத்து. லட்சக்கணக்கில் பில்லை நீட்டினால் நடுங்குவது குடும்பத்தின் கைதான். நல்ல உடம்போடு, நல்ல புத்தியோடு, யாருக்கும் கடன்படாத ஒரு நாளில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் போட்ட கையெழுத்தை எந்த ஆஸ்பத்திரியும் மிரட்டி வாங்கியிருக்க முடியாது. பாதுகாப்பு வேண்டும் என்கிறவர்கள் நியாயப்படி ஏழாம் நம்பர் ஃபாரத்தைத்தான் அதிகம் நம்ப வேண்டும்.

இறந்துவிட்டாரா என்பதில் எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் இருங்கள். நான்கு டாக்டர்கள் இருக்கட்டும். அந்தக் குழுவில் மாற்று அறுவை செய்பவர் யாரும் இருக்கக் கூடாது என்பது நீடிக்கட்டும். போலீஸ் கேஸ் என்றால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகட்டும், பிரேதப் பரிசோதனை டாக்டருக்கும் போகட்டும். சோதனை முடிவுகளைக் குடும்பத்தின் கையில் கொடுத்து, புரியும் தமிழில் விளக்கட்டும். கேள்வி கேட்க, வேறு டாக்டரைக் காட்டிச் சந்தேகம் தீர்த்துக்கொள்ளக் குடும்பத்துக்கு உரிமை இருக்கட்டும். 'அவர் மனசு மாறிட்டார், என்கிட்ட சொன்னார்' என்று ஆதாரத்தோடு சொன்னால் நிறுத்தட்டும். இவ்வளவும் குடும்பத்தின் உரிமை. ஆனால் 'எனக்குப் பிடிக்கலை' என்று சொல்லி இன்னொருவர் வாக்கை ரத்து செய்வது மட்டும் யாருடைய உரிமையும் இல்லை.

*

"வெளிநாட்டுல மட்டும் என்ன கிழிக்கிறாங்க?" என்று கேட்பீர்கள்.

அமெரிக்காவில் 2006-இல் எழுதப்பட்ட மாதிரிச் சட்டத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றிருக்கின்றன. வயது வந்த ஒருவர் எழுதிக் கொடுத்த உறுப்பு தானத்தை அவர் இறந்த பிறகு குடும்பம் மாற்ற முடியாது. இங்கிலாந்து 2020-இல் இன்னும் ஒரு படி மேலே போய், மறுப்புச் சொல்லாதவர் எல்லாம் சம்மதித்தவர் என்று வைத்துக்கொண்டது. நான் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சொன்னதைச் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்படிச் செய்தால் மட்டும் தானம் பெருகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். பத்து லட்சம் பேருக்கு ஐம்பதை ஒட்டிக் கொடையாளர்கள் இருக்கும் ஸ்பெயினில், குடும்பத்தைக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள். அங்கே பயிற்சி பெற்ற ஆட்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆஸ்பத்திரி மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. இந்தியாவில் அந்தக் கணக்கு ஒன்றுக்கும் கீழே. நமக்கும் அந்த ஆட்கள் வேண்டும், அந்த நம்பிக்கை வேண்டும். ஆனால் என் வழக்கு எண்ணிக்கையைப் பற்றியது அல்ல. ஒரு மனிதனின் வாக்கைப் பற்றியது. ஒரே ஒரு வாத்தியாரின் ஒரே ஒரு அட்டையாக இருந்தாலும் அது செல்ல வேண்டும்.

'நம்ம ஊரு பண்பாட்டுக்கு இதெல்லாம் ஒத்து வராது' என்று சொல்கிறவர்கள் தயவுசெய்து சோழ நாட்டில் நின்றுகொண்டு அதைச் சொல்லாதீர்கள். தங்களைச் சிபியின் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர்கள் சோழர்கள். செம்பியன் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான் என்பார்கள். ஒரு புறாவுக்காகத் தன் தசையையே அறுத்துத் தராசில் வைத்த ராஜா. பங்காளிகளைக் கூட்டி எட்டாம் நம்பர் ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. பௌத்த ஜாதகக் கதையில் வரும் சிபி இன்னும் ஒரு படி மேல். கண்களையே கொடுத்தவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த இலங்கையில், டாக்டர் ஹட்சன் சில்வா 1961-இல் தொடங்கிய கண் தானச் சங்கம் பல நாடுகளுக்குக் கருவிழி அனுப்பியிருக்கிறது. கோடியக்கரையிலிருந்து ஒரு கடல் தாண்டினால் இலங்கை. அங்கே செத்தவர்கள் எல்லாம் வழி தெரியாமலா தவிக்கிறார்கள்?

சட்டம் வந்தால் மனசு மாறுமா என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு வருஷத்தை ஞாபகப்படுத்துகிறேன். 1989. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டம் போட்டது. அன்றைக்கு எந்த அண்ணன் தம்பியிடமும் சம்மத ஃபாரம் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இன்றுவரை ஒரு மா நிலம் ஒரு பெண்ணின் பேருக்கு மாறியிருக்காது. முணுமுணுத்தார்கள். அப்புறம் பழகிக்கொண்டார்கள். வாத்தியாரின் மகன்கள் தங்கைக்கு நிலத்தை விட்டுக் கொடுத்தது பாசத்தால் மட்டும் அல்ல. சட்டம் கேட்கும் என்ற பயம். அந்தப் பயம்தான் கொஞ்ச நாளில் பழக்கமாகிறது. பழக்கம்தான் பிறகு பண்பாடாகிறது.

*

2023 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் ஓர் அறிவிப்பு செய்தார். உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று. நல்ல அறிவிப்பு. ஒரு விவசாயக் கூலியின் வீட்டு வாசலில் கலெக்டர் மலர்வளையத்தோடு வந்து நிற்பது சின்ன விஷயமல்ல. 2024-இல் தமிழ்நாட்டில் 268 பேரின் குடும்பங்கள் மூளைச் சாவுக்குப் பிறகு உறுப்புகளைத் தந்திருக்கின்றன. அவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அதே 2023 செப்டம்பரில் மத்திய அரசு, ஆதார் எண்ணை வைத்து இணையத்திலேயே உறுப்பு தான உறுதிமொழி பதிவு செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. சான்றிதழ் அழகாக வருகிறது. ஆனால் அதைத் தந்த அரசாங்கமே போட்ட விதி, அந்தச் சான்றிதழ் மட்டும் போதாது என்கிறது. இதற்கு எதற்கு ஆதார்? எதற்குச் சான்றிதழ்?

விதியைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. சட்டத்தில் ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறது. சுகாதார அமைச்சகம் அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டால் போதும். ஐந்தாவது விதியில் அந்த ஒரு வரியை எடுத்தால் போதும். தமிழகத்திலிருந்து டெல்லிக்குப் போயிருக்கும் எம்.பி.க்களில் ஒருவராவது இதை எழுந்து கேட்கட்டும். உறுப்பு தானத்தில் இந்தியாவுக்கே வழிகாட்டி என்று மார்தட்டிக்கொள்ளும் மாநிலத்துக்கு அதைக் கேட்கும் தகுதி இருக்கிறது.

அதுவரை, எழுதி வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். இந்த வாரம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் ஒரு வேளையில், மகன், மகள், மருமகள், அண்ணன், தம்பி எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்லுங்கள். "நான் செத்தா, மொதல்ல ஃபேனை நிறுத்துங்க. கண்ணை மூடி மேல ஈரப் பஞ்சை வையுங்க. தலைக்கு ஒசரமா ஒரு தலகாணி வையுங்க. இந்த நம்பருக்கு போன் பண்ணுங்க. அழுறதெல்லாம் அதுக்கப்புறம்." கண்ணாடி போட்டவர், புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை உள்ளவர் எல்லோரும் கண் தரலாம். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. முகம் விகாரமாகாது.

முக்கியமாக, சாட்சிக் கையெழுத்துப் போட்டவரைக் கூப்பிட்டு ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு வாயைத் திறப்பாரா என்று.

போன மாதம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். வாத்தியார் மகள் தன் மூன்று மாவில் குறுவை நட்டிருந்தார். பயிர் நன்றாக நிற்கிறது. "அப்பா குடுத்தது" என்றார். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "அப்பா ரெண்டு குடுத்தாரு. ஒண்ணுதான் போய்ச் சேர்ந்துச்சு."